சரியான எதிரி

ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டு வேளை முடிந்து கடைசிச் சட்டியும் கழுவி ஏறிய பிறகு, தலைமைச் சமையற்காரர் லாஸ்லோ ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, கொண்டா பார்ப்போம் என்பதுபோல விரல்களை அசைத்தார். சமையலறை உதவியாள் சச்சிதானந்தன் மூன்று நாளாகப் பைக்குள் வைத்துக் காவித்திரிந்த சான்றிதழ்க் கோப்பை நீட்டினான். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. லாஸ்லோ வாங்கவில்லை. கோப்புக்குப் போட்டிருந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோதுமை வயல், உழவு இயந்திரத்தின் மேல் தலையில் துணி கட்டிய ஒரு பெண், வாய் கொள்ளாத சிரிப்பு, அவளுக்குப் பின்னால் செங்கொடி, கொடியில் அரிவாளும் சுத்தியலும். அந்தப் படத்தைச் சச்சிதானந்தன் ஆயிரம் தரம் பார்த்திருப்பான். ஆனால் அதில் ஒரு கொடி இருக்கிறது என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன எவரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ரஷ்யக்காரர் அச்சடித்து அனுப்புகிற சஞ்சிகையின் தாளைப்போல உறை போடுவதற்கு வாகான தாள் உலகத்தில் இல்லை. வழவழப்பு, நல்ல தடிப்பு, மழையில் நனைந்தாலும் தாங்கும். முதலாளி வீட்டுப் பிள்ளையின் கணக்குக் கொப்பிக்கும் அதுதான் உறை, கோயில் ஐயரின் மகனுடைய தேவாரப் புத்தகத்துக்கும் அதுதான் உறை. சச்சிதானந்தன் வெளிக்கிட்ட அன்று, சான்றிதழ்கள் வழியில் நனைந்துவிடும் என்ற பயத்தில், வீட்டில் கிடந்த பழைய தாள் ஒன்றை எடுத்து, பழகிய கை தன்பாட்டில் மடித்து ஒட்டிவிட்டது. கொழும்பு, ரோம், மிலான் என்று எத்தனையோ பேர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். ஒருவரும் உறையைக் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாத ஒரே ஒரு மனிதரிடம் அவன் அதைத் தானாகவே கொண்டுபோய் நீட்டியிருக்கிறான்.

"நீ கம்யூனிஸ்டோ?" என்று லாஸ்லோ கேட்டார்.

இவர்கள் பேசியதைத் தமிழில் எழுதும்போது சீராகத் தெரியும். அங்கே அப்படியில்லை. லாஸ்லோவின் ஜெர்மன் முப்பது வருஷம் ஊறியும் ஹங்கேரி வாசம் போகாதது. சச்சிதானந்தனின் ஜெர்மனோ இருபது மாதத்தது, அதிலும் பாதி வெங்காயமும் கரண்டியும்தான். இரண்டு பேருடையதையும் கூட்டினாலும் ஒரு முழு ஜெர்மன் தேறாது. ஆனாலும் அந்தக் கேள்வி தெளிவாகத்தான் விளங்கியது. "இது பேப்பர், மழைக்கு" என்று சச்சிதானந்தன் சொன்னான். லாஸ்லோ கோப்பைத் தொடாமல், இடுப்புத் துணியைக் கழற்றிக் கொளுவிவிட்டு, ஐந்து மணிக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி மேலே ஏறிப் போனார். நீட்டிய கோப்பைச் சச்சிதானந்தன் உருக்கு மேசையில் வைத்தான்.

தலைநகர் பேர்ணிலிருந்து, அகதியாக ஏற்க முடியாது என்று மறுப்புக் கடிதம் வந்து அன்றைக்கு இருபத்தொன்பதாம் நாள். மேன்முறையீடு செய்ய முப்பது நாள்தான் தவணை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை தபாலில் சேராவிட்டால் எல்லாம் முடிந்தது. தேவாலயத்து உதவிப் பணிமனையில் இருந்த பெண்மணி விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டு, இதோடு உங்கள் சமையற்காரரின் கடிதம் ஒன்றும் போனால் நல்லது என்றாள். அவர் இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஊரின் தீயணைப்புப் படையில் இருப்பவர், ஒரு காலத்தில் தானும் அகதியாக வந்தவர், அப்படிப்பட்டவரின் எழுத்தை நின்று வாசிப்பார்கள் என்றாள். அச்சுவேலியில் தில்லைநாயகியும் ஆறு வயது மகளும் இருந்தார்கள். பிள்ளைக்கு ஹெலிகொப்டர்ச் சத்தம் பழகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் பழகவில்லை என்று மனைவி போன மாதம் எழுதியிருந்தாள். இங்கே இருக்க விட்டால் அவர்களைக் கூப்பிடலாம். இல்லையென்றால் அவனும் அங்கேதான்.

மூன்று மணிநேர இடைவேளையில் சமையலறை ஆட்கள் வழக்கமாக நித்திரை கொள்வார்கள். சச்சிதானந்தனுக்குக் கட்டிலில் இருக்க முடியவில்லை. தட்டுக் கழுவுகிற யேசுதாசனையும் எழுப்பிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். ஒக்டோபர் மாதம், சுற்றுலாக்காரர் குறைந்துவிட்டார்கள். அன்னங்களுக்குப் பாண் துண்டு பிய்த்துப் போடுகிற கிழவிகள் மட்டும் இருந்தார்கள். அவன் ஒரு வாங்கில் இருப்பான், எழும்புவான், கொஞ்சத் தூரம் நடப்பான், திரும்பி வருவான். பின்னால் நடந்து நடந்து யேசுதாசனுக்குக் காலுளைந்தது.

"அண்ணை, அந்த உறையைக் கிழிச்சு ஏரிக்குள்ள எறிஞ்சுபோட்டு, நான் அவங்கட ஆளில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அது பொய்யுமில்லை."

அது பொய்யில்லைதான். சச்சிதானந்தன் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதியவன், கூட்டம் என்றாலே ஒதுங்கிப் போகிறவன். கட்சியில் இருந்தது அப்பா. கள்ளு இறக்குகிற சீவல் தொழிலாளி. பனையில் ஏறி இறங்கிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கட்சி. அந்தக் கட்சியும் பிறகு மொஸ்கோ பக்கம், சீனாவின் பீக்கிங் பக்கம் என்று இரண்டாகப் பிரிந்தது. அச்சுவேலிச் சந்தியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தூரம்தான், இருந்தும் அப்பா பீக்கிங் பக்கம் போனார். இருபது வருஷம் ஒன்றாகத் திரிந்த சிநேகிதர் மொஸ்கோ பக்கம் நின்றதால் அவரோடு சாகும்வரை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் கொப்பிக்கு உறை போட மட்டும் மொஸ்கோ தாள்தான். பீக்கிங்காரரின் புத்தகங்கள் உள்ளங்கை அளவு, அவற்றைக் கிழித்தால் ஒரு கொப்பியின் முதுகுக்குக்கூடக் காணாது. இதையெல்லாம் லாஸ்லோவுக்கு எந்த ஜெர்மனில் சொல்வது என்று நினைக்கச் சச்சிதானந்தனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

லாஸ்லோவின் கதை அவனுக்குத் தெரியும். உருளைக்கிழங்கு உரிக்கிற நேரங்களில் துண்டு துண்டாகக் கேட்டது. உலகப்போர் முடிகிற நேரம் லாஸ்லோவுக்கு ஒன்பது வயது. ரஷ்யச் சிப்பாய் ஒருவன் லொறியிலிருந்து குனிந்து ஒரு முழுக் கறுப்புப் பாணை அவர் கையில் கொடுத்தானாம், வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டே சாப்பிட்டார்களாம். ரஷ்யனும் அமெரிக்கனும் தோளில் கைபோட்டு நிற்கிற படத்தை அப்பா பத்திரிகையிலிருந்து வெட்டி ஆலைச் சுவரில் ஒட்டினாராம். நாலு வருஷம் போகவில்லை. தோளில் கைபோட்டவர்கள் கழுத்தைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அப்பாவின் மா ஆலை மக்களின் ஆலையாகிவிட்டது, அப்பா அமெரிக்காவின் கையாளாகிவிட்டார். அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால்கூடச் சொல்லத் தெரியாத மனிதர் என்று லாஸ்லோ சொல்லுவார். கூட்டிக்கொண்டு போனவர்கள் அவரைத் திரும்பக் கொண்டுவந்து விடவில்லை. ஐம்பத்தாறாம் ஆண்டு ரஷ்ய யுத்தத் தாங்கிகள் புடாபெஸ்டுக்குள் வந்தபோது லாஸ்லோ ஓடினார். ரெயில் இந்த நாட்டு எல்லையில் பூக்ஸ் நிலையத்தில் வந்து நின்றபோது பெண்கள் சொக்லேட்டும் கம்பளியும் தந்தார்கள். அவர்களுக்காகத் தேவாலய மணிகள் அடித்தன. பத்தாம் நாள் வேலை.

எத்தனை கேள்வி கேட்டார்கள் என்று சச்சிதானந்தன் ஒருநாள் கேட்டான். பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார்கள் என்றார் லாஸ்லோ. சச்சிதானந்தனிடம் தொண்ணூற்று நாலு கேள்வி கேட்டார்கள். அன்றைக்குக் கிழங்கு உரித்து முடியும்வரை அவனுக்கு அந்த மனிசரில் வெறுப்பாக இருந்தது. அகதியாவதற்கு ஓடிவந்தால் மட்டும் காணாது, சரியான எதிரியிடமிருந்து ஓடிவர வேண்டும் என்று பட்டது. ரஷ்யனும் அமெரிக்கனும் பிடிக்கிற சண்டை எங்கே தொடங்கியதென்று அவனுக்குத் தெரியாது. அவன் பிறக்குமுன்பே தொடங்கிவிட்டது. அது தன்னுடைய கோப்பு வரைக்கும் வந்து நிற்கும் என்று யார் கண்டது? யேசுதாசன் மணிக்கூட்டைக் காட்டினான். இருவரும் திரும்பி நடந்தார்கள்.

லாஸ்லோ ஏற்கெனவே வந்திருந்தார். உருக்கு மேசையில் கோப்பு விட்ட இடத்திலேயே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தட்டெழுத்தில் அடித்த ஒரு கடிதம். இடைவேளை முழுவதும் ஹோட்டல் அலுவலகத்தில் இருந்து அடித்திருக்கிறார். முகம் மத்தியானம் இருந்ததைவிட இளகியிருந்தது. கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். நேரத்துக்கு வருகிறவன், நேர்மையானவன், கத்தியைக் கழுவாமல் வைக்காதவன். அதுவரை நல்லது. பிறகு ஒரு வசனம் வந்தது: இவருடைய குடும்பம், என்னுடைய குடும்பத்தைப் போலவே, கம்யூனிஸ்டுகளால் துன்புறுத்தப்பட்டது.

சச்சிதானந்தனுக்கு முதலில் பிழையாக விளங்கிவிட்டதோ என்று இருந்தது. லாஸ்லோ விளக்கினார். பத்திரிகையில் பார்த்தாராம், உங்கள் ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியன்கள் எல்லோரும் மார்க்ஸியம் பேசுகிறார்களாம். அப்படியென்றால் நீயும் அவர்களிடமிருந்துதானே ஓடிவந்தாய்? தானும் எதிரியின் காகிதம் ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் எல்லை கடந்தாராம், அப்பாவைக் கூட்டிப்போன நாள் தந்த கட்டளைத் துண்டு. அதுபோல நீயும் இந்தப் படத்தை வைத்திருக்கிறாய். மேலே இருப்பவர்களுக்கு ஒரு சாதி அகதியைத்தான் விளங்கும். இந்த வசனம் வேலை செய்யும்.

"ஆனா நான் பொய்க்குக் கையெழுத்துப் போடமாட்டன். என்ர முகத்தைப் பார்த்து ஓம் எண்டு சொல்லு. போடுறன்."

கழுவு தொட்டியடியில் நின்ற யேசுதாசன், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, சொல்லண்ணை என்று தலையை ஆட்டினான். ஒரு சொல். அவனுக்குத் தெரிந்த முதல் ஜெர்மன் சொல்லே அதுதான். ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுகிறான், ஓம் ஷெஃப், ஓம் ஷெஃப். ஹெலிச் சத்தத்தை நினைத்தான், மகளை நினைத்தான். ஓம் தொண்டைவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"என்ர அப்பா கம்யூனிஸ்ட்."

லாஸ்லோ கண்ணாடியைக் கழற்றினார். இனிச் சொல்லாமல் விடவும் முடியாது, சொல்வதற்குச் சொல்லும் கிடையாது. சாதி என்பதற்கு எந்த ஜெர்மன் சொல்லைத் தேடுவது? சச்சிதானந்தன் சுற்றிலும் பார்த்தான். பிறகு மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்து, அதற்கு முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். இது ஆட்கள், என்றான். குப்பைத் தொட்டிக்குள் கைவிட்டுத் தக்காளி வந்த வெறும் தகரப் பேணி ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தான். இது அப்பா, என்றான். வைத்துவிட்டு அதற்கு முன்னால், அப்பா தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்த மாதிரியே, முழங்கால் நாடியில் முட்டக் குந்தினான். குந்தியபடி கையை உயர்த்தி, எட்ட நின்று மேலிருந்து பேணிக்குள் ஊற்றுவதைச் செய்து காட்டினான். தெறிக்கிற தேத்தண்ணிக்கு முகத்தைத் திருப்பியும் காட்டினான். சமையலறைக்குள் வந்த இரண்டு பரிமாறுகிற பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மேசையில் கிடந்த கோப்பை, அந்த உழவு இயந்திரப் பெண்ணை, விரலால் காட்டினான். இவர்களின் ஆட்கள் பத்துப் பேர் வந்தார்கள் என்றான். அப்பாவைக் கையில் பிடித்து எழுப்பி, நடுவில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார்கள். கடைக்குள் சோடாப் போத்தல்கள் பறந்தன. அப்பாவின் மண்டையில் ஐந்து தையல். அடுத்த கிழமையும் போனார்கள், அதற்கடுத்த கிழமையும் போனார்கள். ஒருநாள் அப்பா கிளாசில் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். எப்படியிருந்தது என்று அம்மா கேட்டாள்.

"தேத்தண்ணி அப்பிடியொண்டும் திறமில்லை எண்டு சொன்னவர்" என்றான் சச்சிதானந்தன்.

லாஸ்லோ தரையில் இருந்த பேணியையும் மேசையில் இருந்த கோப்பின் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்பில் எலும்புச் சாறு கொதித்து மூடியைத் தட்டியது, ஒருவரும் போய்த் தணிக்கவில்லை.

"பாண் தந்ததும் அவங்கள்தான்" என்றார் கடைசியில், யாருக்கோ சொல்வதுபோல. "அப்பாவைக் கொண்டுபோனதும் அவங்கள்தான்."

அவர் கடிதத்தை எடுத்தார். கண்ணாடியை மறந்துபோய், எழுத்துத் தெரிவதற்காகத் தாளைக் கை நீட்டி, அடுப்புக்கு மேலிருந்த விளக்குக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். மற்றக் கை நெஞ்சுப் பையிலிருந்து பேனாவை உருவியது. கையெழுத்துப் போடவா, அந்த வசனத்தை வெட்டவா, இரண்டையும் செய்யாமல் விடவா என்று அவருடைய முகத்திலிருந்து தெரியவில்லை. சச்சிதானந்தனுக்கு எழும்ப வேண்டும் என்று தோன்றவில்லை. அப்பாவுக்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இப்போது அப்பாவின் நினைவே இல்லை. அந்த வசனத்தை வெட்டிவிடாதே, வெட்டிவிடாதே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான், வெட்கமாக இருந்தது, இருந்தும் கெஞ்சினான். அவன் குந்தியிருந்த இடத்திலிருந்து பார்க்க, வெளிச்சம் பட்ட தாளின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. வரிகள் வலமிருந்து இடமாகப் புரண்டு நின்றன. அவற்றில் எது அந்த வரி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தாளுக்கு அந்தப் பக்கம் பேனாவின் நிழல் இறங்கி வந்து, ஒரு வரியின் மேல் நின்றது.