கூலரை மூடிய பேனர்

சசிரேகாவுக்கு வந்தது லேசுப்பட்ட கோபம் இல்லை. ஜீப்புக்குப் புத்தம்புது ஆயில் கூலர் மாட்டிய ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் அதன் முன்னால் ஒரு மனுஷன் தன் மூஞ்சியைக் கொண்டுவந்து கட்டினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

பென்னலூரில் அவர்கள் தெருச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பழைய ஜீப் உண்டு. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஏரி வழிந்து தெருமுனையில் தண்ணீர் நின்றால் ஆட்டோக்காரன் எவனும் எட்டிப் பார்க்கமாட்டான். இந்த ஜீப்தான் கதி. ஓட்டுகிறவள் சசிரேகா. அவள் கணவன் சுப்பிரமணிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் குன்றத்தூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு முறை தவறினால்கூட உடம்பில் நீர் கோத்து மூச்சு இரைக்கத் தொடங்கிவிடும்.

மழை தொடங்குகிற சமயம் பார்த்து ஜீப்புக்கு அடியில் சிவப்பாக எண்ணெய் சொட்டியது. ஒரகடத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் மாரி படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"யக்கா, கியர் பாக்ஸ் ஆயில் சூடாயி இந்தக் கூலருக்கு வரும். காத்துப் பட்டு ஆறித் திரும்பிப் போவும். இது துருப்புடிச்சு ஓட்டையாயி கீது. ஒட்டுப் போட்டா தாங்காது, புதுசு மாட்டிடு."

"நான் வாங்கித் தரேம்மா" என்றார் சங்கத் தலைவர் திருமலை. கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர். தங்கமான மனுஷன் என்று அன்றைக்கு நினைத்தாளே, அவளைச் சொல்லவேண்டும்! மாரி பம்பரைக் கழற்றி, பழைய கூலரைப் பிடுங்கி, குழாய்களை அலசி, புதியதை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினான். புது ஆயில் ஊற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அப்புறம் பூஜை. பூசணிக்காய் உடைத்தார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அதெல்லாம் நியாயம். ஆனால் அந்தப் பக்கத்தில் பேனர் கட்டாமல் எந்த நல்ல காரியம் நடந்திருக்கிறது? திருமலையின் ஆட்கள் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து ஜீப்பின் முன்பக்கக் கம்பி வலையை முழுசாக மூடி இழுத்துக் கட்டினார்கள். கும்பிட்ட கையோடு திருமலை அதில் சிரித்தார். 'மக்கள் தொண்டரின் அன்பளிப்பு.'

"அண்ணே, அது காத்து போற எடம். அதப் போயி மூடறீங்களே!"

"ஃபோட்டோ எடுக்கற வரைக்கும்தாம்மா."

ஃபோட்டோ எடுத்து முடிந்தது. பேனர் இறங்கவில்லை. அவிழ்க்கப் போனவளைத் திருமலை தடுத்தார்.

"வெள்ளம் பாக்கப் பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க. அவங்க கண்ல படவாணாமா? அதுல கை வெச்சின்னா வண்டிய பிரசன்னா கையில குடுத்துருவேன், ஆமா."

பிரசன்னா அவருடைய மச்சான் மகன். உச்சி வெயில் முதுகில் அடித்தால்தான் எழுந்திருப்பான். அவன் வண்டி எடுத்துச் சுப்பிரமணி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாற்போலத்தான். சசிரேகா பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குன்றத்தூர் ரோட்டில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். முன்னால் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். ஊர்ந்து ஊர்ந்துதான் போகமுடிந்தது. பின்சீட்டில் சுப்பிரமணி சாயவும் முடியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

கொஞ்ச தூரத்தில் தீய்ந்த வாடை வந்தது. கியர் ஆயில் சூடேறிய விளக்கு சிவப்பாக எரிந்தது. மிதித்தால் இன்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை.

"சசி... இன்னாச்சு?"

"ஒண்ணுமில்லங்க. திருமலை வேலைதான்!"

தண்ணீரில் குதித்தாள். நனைந்த நைலான் கயிற்று முடிச்சு அவிழ்வேனா என்றது. பல்லால் கடித்தாள், நகம் பெயர்ந்தது. பக்கத்தில் நின்ற கம்பெனி ஷிஃப்ட் பஸ் ஜன்னல்களில் செல்போன்கள் முளைத்தன. "படம் புடிக்கறீங்களே, எவனாச்சும் எறங்கி ஒரு கை குடுங்கடா!" என்று கத்திக்கொண்டே வீல் ஸ்பேனரைக் கொடுத்துக் கிழித்தாள். மக்கள் தொண்டர் இரண்டாகப் பிளந்து தண்ணீரில் விழுந்தார்.

பானெட்டைத் திறந்து, கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டாள். காற்றாடி காற்றை இழுத்தது. ஆயில் ஆறவேண்டும், அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். பின்னால் சுப்பிரமணியின் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. குன்றத்தூர் முருகா, இந்த மனுஷன் மூச்சைப் பிடித்து வையப்பா என்று வேண்டிக்கொண்டே விளக்கையே பார்த்தாள். நின்றுபோன உயிர் திரும்புவதுபோல் இருந்தது அது அணைந்தபோது. கியர் போட்டாள். வண்டி பிடித்தது.

டயாலிசிஸ் மெஷினில் சுப்பிரமணியைச் சேர்த்து, அவன் மூச்சு நிதானப்படத் தொடங்கியபோது போன் அடித்தது. திருமலை.

"யாரக் கேட்டுக் கிழிச்ச? வீடியோ ஊரெல்லாம் சுத்துது. என் மானம் போச்சு. இப்பவே வந்து வண்டியக் குடு!"

சசிரேகா பதில் சொல்வதற்குள் சுப்பிரமணி ஊசி குத்தாத கையை நீட்டிப் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"திருமலை," என்றான், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி. "உன் பேனரால இன்னிக்கு நான் செத்துருப்பேம்பா."

அந்தப் பக்கம் திருமலை செருமிக்கொள்வது கேட்டது. வெட்கப்படுகிறார் போலிருக்கிறது என்று சசிரேகா நினைத்தாள். பிறகு திருமலையின் குரல் இறங்கிவந்தது.

"அப்டியா... சரி சரி. அப்ப பேனர வண்டிக்குப் பின்னாடி கட்டிக்கலாமா?"

அடப்பாவி! சசிரேகா போனைப் பிடுங்கினாள். இத்தனை வருஷம் வாய் நிறையச் சொன்ன 'அண்ணே'யும் மரியாதையும் அந்த நொடியே போய்ச் சேர்ந்தன.

"கட்டிக்கோ. பின்னாடி வர்றவன்லாம் உன்னப் பாத்துத் துப்பட்டும். ஆனா இனிமே முன்னாடி உன் மூஞ்சி தெரிஞ்சிது, வெள்ளிக்கிழம இவர உன் முதுகுல ஏத்தி வுட்ருவேன். தண்ணியில நீயே செமந்துக்கினு போ!"