அக்கரைப் பண்ணை

எங்கள் எல்மர்ஸ்டோ ஊரின் எல்லை ஆற்றின் நடுவே போகிறது, ஓர் இடத்தைத் தவிர. எப்போதோ வந்த வெள்ளத்தில் ஆறு தன் வளைவை அறுத்துக்கொண்டு நேராக ஓடிவிட்டது. எல்லைக்கோடு பழைய தடத்திலேயே நின்றுவிட்டது. அதனால் ரால்ஃப் ட்ரான்டரின் பண்ணை அக்கரையில் இருந்தும் எங்கள் ஊரைச் சேர்ந்தது. பாலம் வழியாகச் சுற்றிவர அலுப்புப்பட்டு, மே மாதப் பொதுக்கூட்டத்துக்கு அவர் படகில்தான் வருவார்.

அந்த வருடம் மாவட்டக் கவுன்சில் எல்லைகளைத் திருத்தப் புறப்பட்டது. பண்ணையை அக்கரையிலுள்ள வின்ஸ்பி ஊரோடு சேர்க்கலாமா என்று எங்கள் ஊர் மன்றத்தைக் கேட்டது. நான் மன்றத்தின் எழுத்தர். தலைவி மர்லின் புல்லக்குக்கு இது நல்ல காரியமாகவே பட்டது.

"குப்பை வண்டி அங்கேருந்துதான் வருது, ஓட்டுச்சாவடியும் பக்கம். இனிமே நீங்க நனைய வேண்டாம், ரால்ஃப்" என்றாள் கூட்டத்தில்.

"நனையறது நான். உனக்கு ஏம்மா தும்மல் வருது?"

சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "என் பொண்டாட்டி டோராவ இந்த சர்ச்சுலதான் பொதைச்சோம். நாளைக்கு நான் வின்ஸ்பிக்காரன்னா, அவ பக்கத்துல என்னைப் படுக்க விடுவாங்களா?"

"சர்ச் எல்லை வேற, நம்ம எல்லை வேற" என்றேன் நான். "அதை யாரும் தொடல. உங்க இடம் உங்களுக்குத்தான்."

"அப்ப சரி" என்றார். கொஞ்ச நேரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். "இல்ல, சரியில்ல. வின்ஸ்பில எனக்கு யாரைத் தெரியும்? யார்கிட்ட போய் சண்டை போடுவேன்?"

வருடா வருடம் அவரோடு மல்லுக்கட்டியவள் மர்லின்தான். கடைசியில், மாற்றம் வேண்டாமென்று அவளே முன்மொழிந்தாள். எல்லோரும் கை தூக்கினார்கள்.

மாவட்டக் கவுன்சில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டதோடு சரி. மறு ஏப்ரலில் பண்ணை வின்ஸ்பிக்குப் போனது. நானே போய்ச் சொன்னேன். ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "சரிப்பா" என்றார், அவ்வளவுதான்.

மே மாதக் கூட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் கதவு திறந்தது. ரால்ஃப் தயங்கி நின்று, பின்வரிசையில் உட்கார்ந்தார். விளையாட்டுத் திடலின் வேலியைப் பற்றிப் பேச்சு வந்ததும் எழுந்தார். அப்புறம் ஏதோ நினைவு வந்தவராய் உட்காரப் போனார்.

"ஓட்டுதான் இங்க இல்ல, ரால்ஃப்" என்றாள் மர்லின். "வாய்க்கு என்ன வந்துச்சு? பேசுங்க."

பேசினார். எங்கள் டீயெல்லாம் ஆறிப்போகும்வரை பேசினார்.