தெய்வசிகாமணி புலியாக நடித்த படம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்கிற கதையில்லை இது. தெய்வசிகாமணி குடும்பப் படம் எடுத்தபோது, பாதியில் அவருடைய அப்பா வேஷம் புலிக்குப் போய்விட்டது, புலி வேஷம் அவருக்கு வந்துவிட்டது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்புக்குள் ஒரு பங்களா. ஒன்பது புலிகளோடு ஒரு குடும்பம் குடியிருக்கிற கதை. வெளியாள் எவனும் புலிக்குப் பக்கத்தில் வரமாட்டேன் என்றதால் எல்லாம் வீட்டு ஆட்களே. தெய்வசிகாமணி டைரக்டர், அப்பா வேஷமும் அவரே. மச்சினன் நாச்சிமுத்து கேமரா. மகள் கலாமணிக்கு மகள் வேஷம். ஆறு வயதில் நடிக்க வந்தவளுக்கு இப்போது பத்து. மனைவி மயிலாத்தாள் கண்டினியூட்டி நோட்டு எழுதினாள். போன ஷாட்டில் யார் என்ன உடுத்தியிருந்தார், வகிடு எந்தப் பக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். நோட்டில் உள்ளதுதான் படத்தில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடி அந்த நோட்டுதான்.

நான்காம் வருஷம் மாசியில், மகள் புலிக்குச் சோறு ஊட்டுகிற ஷாட். குட்டிப் புலி ஒன்று விளையாட்டுப் போலக் கலாமணியின் தலையைக் கவ்வியது. ரத்தம் காதோரம் வழிந்தது. "அப்பா" என்றாள்.

"நல்லா வந்துச்சு கண்ணு, இன்னொரு தடவை மட்டும்" என்றார் தெய்வசிகாமணி.

பதினாறு தையல். அந்த "இன்னொரு தடவை" மீன்முள்ளாட்டம் அவர் தொண்டையில் நின்றுவிட்டது. வெறுஞ்சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினார், இறங்கவில்லை. கலாமணி அன்று முதல் அவரை "டைரக்டர் சார்" என்றுதான் கூப்பிட்டாள். பழைய சொல்லை ஒரே ஒரு தரம் கேட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. கேட்க வாய் வரவில்லை. மோட்டார் ரூமுக்குள் போய் மூலையைப் பார்த்துப் படுத்தவர், இருபது நாள் வெளியே வரவில்லை.

படம் நிற்கக் கூடாது. மயிலாத்தாள் நோட்டைப் புரட்டினாள். "அப்பா: பழுப்புச் சட்டை, கறுப்புக் கோடு, இடது காதில் வெட்டு, மீசை உண்டு." சுற்றிலும் பார்த்தாள். பெரிய புலிக்கு எல்லாம் பொருந்தியது. அதை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

தெய்வசிகாமணி திரும்பி வந்தபோது, மயிலாத்தாள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏனுங்க, இருபது நாளா அவருதானுங்க அப்பா. நடுவுல ஆளை மாத்துனா பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

"அப்ப நானு?"

"புலியில ஒண்ணு குறையுது" என்றான் நாச்சிமுத்து. "குனிஞ்சு நில்லுங்க மச்சான். வாலுக்குக் கவலைப்படாதீங்க, அது ஃபிரேமுக்கு வெளியே இருக்குன்னு வச்சுக்கலாம்."

தெய்வசிகாமணி கையை ஊன்றிக் குனிந்தார். கழுத்தில் பட்டை கட்டினார்கள்.

விட்டுப்போன சோறூட்டுகிற ஷாட்டையே முதலில் வைத்தார்கள். கலாமணி அவருக்கு உருண்டை பிடித்து ஊட்டினாள். கையை எட்ட நீட்டி வைத்திருந்தாள். அவர் பல் அதில் பட்டுவிடாமல் வாங்கிக்கொண்டார். "இன்னொரு தடவை" என்றான் நாச்சிமுத்து. பெரிய புலி எழுந்து வந்து லென்ஸின் மேல் பாதத்தை வைத்தது.

"போதும். புள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கோணும்" என்றது.

"சரிங்கப்பா" என்றாள் கலாமணி. தெய்வசிகாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புலி அப்படித்தான் பார்க்கும் என்று மயிலாத்தாள் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பெரிய புலி கலாமணியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது. படத்துப் புலியைத் தனியே விட முடியாது என்று தெய்வசிகாமணியையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"நாலு வருஷமா புள்ளை எங்கே போயிருந்தா?" என்று கேட்டார் தலைமையாசிரியை. "தலையில என்ன இது, இத்தனை தையல்?"

பெரிய புலி தலையைக் குனிந்தது. "தப்பு நம்ம மேலதானுங்க டீச்சர்."

தன் குற்றத்தை இன்னொருவர் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு தெய்வசிகாமணியால் நிற்க முடியவில்லை. நோட்டில் புலிக்கு வசனம் கிடையாது. ஆனாலும் வாயைத் திறந்தார்.

"அவரு மேல இல்லீங்க. ரத்தத்தைப் பார்த்துட்டும் இன்னொரு தடவைன்னு சொன்னது நானு."

தலைமையாசிரியை பேனாவை மூடினார். "மிருகங்களை வெளியில கட்டணும். போர்டுல எழுதியிருக்கு, பார்க்கலையா?"

பெரிய புலி உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, கலாமணி அவரை வெளியே கூட்டிவந்தாள். புங்கமரத்தடியில் ஏற்கெனவே இரண்டு அப்பாக்களைக் கட்டியிருந்தார்கள். ஒருவர் கரடி வேஷத்தில் இருந்தார், இன்னொருவர் வண்டிமாடு. யாரும் யாரையும் விசாரித்துக்கொள்ளவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.

மணி அடித்தது. "சாயங்காலம் வர்றேம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கலாமணி ஓடினாள். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நாலு எட்டு வைத்தவள் திரும்பி வந்தாள். அண்ணாந்து வெயில் போகிற திசையைப் பார்த்தாள். உச்சிப்பொழுதில் நிழல் விழப்போகிற இடத்துக்கு எட்டுகிற மாதிரி, தெய்வசிகாமணியின் கயிற்றை மட்டும் அவிழ்த்து, இரண்டு முழம் நீட்டிக் கட்டினாள்.