திரைக்குப் பின்னால் விழுந்த எண்கள்

இலந்தைக் கொப்புகளிலிருந்து இலையை உருவி உருவி, கொதிக்கிற அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தாள் உம்மு ஹானி. அண்ணன் ஜமால் முகம்மதுவைக் குளிப்பாட்டுவதற்கான தண்ணீர். விடிகாலை பஜர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த மனிதர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். ஐம்பது வயது நிறையவில்லை. உள்ளே அண்ணி பரக்கத் பீவியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருத்தி வேலையைப் பார்க்க வேண்டுமே என்று இவள் கொல்லைக்கு வந்துவிட்டாள். முள் குத்தி விரலெல்லாம் ரத்தம். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

கொப்புகளைக் காட்டூரிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர் துளசிங்கம். நெல் விதைக்கிற மனிதர். வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து போட வந்தவர், ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் நடத்திய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதிலேயே விழுந்துவிட்டார். அன்றிலிருந்து மழையானாலும் அறுப்பானாலும் வெள்ளிக்கிழமை தவறியதில்லை.

அது என்ன ஆட்டம் என்று பழவேற்காட்டில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சூது என்பார் ஒருவர், ஜின்னைக் கூப்பிடுகிறார்கள் என்பார் இன்னொருவர். அட, அதெல்லாம் ஒன்றுமில்லை. அண்ணன் கப்பலில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்கார ரேடியோ ஆபீசரிடம் கற்றுக்கொண்டது அது. எழுபத்தெட்டில் வேலையை விட்டுவிட்டு வரும்போது இருபது முகம் உள்ள ஒரு பகடையையும் கொண்டுவந்தார். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக மாறி, நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இருபது விழுந்தால் கொண்டாட்டம், ஒன்று விழுந்தால் நாசம். பிழைத்து வந்தால் ஒரு படி ஏறலாம். வெள்ளைக்காரனுடைய குகைகளையும் பூதங்களையும் தூக்கிப் போட்டுவிட்டு, அண்ணன் அதில் கடலையும் தீவுகளையும் கொள்ளைக்காரர்களையும் கொண்டுவந்து வைத்தார்.

உம்மு ஹானி அதில் ஒரு நாகுதா, அதாவது கப்பல் தலைவி. நாகுதா சொஹ்ரா என்று பெயர். நிஜத்தில் மீஞ்சூரைத் தாண்டாதவள். துளசிங்கம் அந்நிய ஆண் என்பதால் அவர் முன்னால் உட்கார முடியாது. அதனால் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே தொங்கும் திரைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அண்ணனும் துளசிங்கமும் அவள் வீட்டுக்காரர் காஜா மைதீனும். அவள் முறை வரும்போது பகடை திரைக்கு அடியில் உருண்டு வரும். பித்தளைத் தாம்பாளத்தில் உருட்டுவாள். கணகணவென்று சத்தம் நின்றதும் அவள் எண்ணைச் சொல்வாள். அவள் சொன்னதுதான் எண்.

ஆறு வருஷத்தில் நாகுதா சொஹ்ரா ஏறாத படியில்லை. நோன்புப் பெருநாள் கழித்து முத்துக் கோட்டை ஆட்டம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதுதான் இருப்பதிலேயே பெரியது. "இனி புயலடிச்சாலும் நீங்க பயப்பட மாட்டீங்க. உங்களை நான் எதைக் காட்டி மிரட்டுறது? அதான் எனக்குத் தூக்கம் வரல" என்று அலுத்துக்கொள்வார். அவளுக்கும் தூக்கம் வரவில்லை. இத்தனை பெரிய ஆளாகிவிட்டால் ஆட்டத்தில் பயம் இருக்குமா, பயம் இல்லாவிட்டால் அது என்ன ஆட்டம் என்று ஒரு கவலை. ஒரு தப்பில் ஆறு வருஷமும் மூழ்கிவிடுமே என்று இன்னொரு கவலை. மீன் ஆயும்போதும் துணி துவைக்கும்போதும் கோட்டைக்குள் எந்தப் பக்கமாக நுழைவது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குக்கூட அவள் இப்படிக் காத்திருந்ததில்லை.

கொல்லையை மறைத்த படலுக்கு வெளியே நின்ற துளசிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா மனுசன் தங்கச்சி அவரு! எங்க காட்டூர் மோட்டார் கொட்டாயில அன்னிக்கு எப்படி சிரிச்சாரு தெரியுமா? கோட்டை விழுந்ததும் எழுந்து நின்னு கை தட்டினாரு. அந்தச் சிரிப்புதான் கண்ணுல நிக்குது."

இலை உருவிய கை நின்றது.

"எந்தக் கோட்டை?"

"முத்துக் கோட்டைதான்..." என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "காஜா பாய் உங்கிட்ட சொல்லலியா?"

"இன்னும் ஆடவே இல்லியே அண்ணே. பெருநாள் கழிச்சுன்னு சொன்னாரே."

துளசிங்கம் வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

தண்ணீர் எடுக்க வந்தார் காஜா மைதீன். நல்ல மனிதர்தான். கருவாட்டு வியாபாரத்தில்கூட யாரையும் ஏமாற்றியவர் இல்லை. அவள் அண்டாவுக்கு முன்னால் வழிமறித்து நின்றாள்.

"காட்டூர்ல என்னை விட்டுட்டு கோட்டையை ஆடினீங்களா?"

"இப்ப பேசுற பேச்சா இது? மய்யித்தை வெச்சுக்கினு..."

"ஆமாவா இல்லியா?"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "ஒரு தடவை ஆடிப் பாத்தோம். உனக்காகப் பெருநாள் கழிச்சு திரும்ப ஆடுறதாதான் இருந்துச்சு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி."

"தெரியாத மாதிரியா?"

"மச்சான்தான் அப்படி சொன்னாரு. பெரிய ஆட்டம், பகடை கண்ணு முன்னால விழணும்னாரு."

அவளுக்குப் புரியவில்லை. புரியவில்லையா, புரிந்துகொள்ள மனசு வரவில்லையா, யார் கண்டது?

"நான் எண்ணை மாத்திச் சொல்றேன்னு நெனச்சீங்களா?"

"யாரும் தப்பா நெனக்கல ஹானி. திரைக்குப் பின்னாடி இருக்கிறவ, ஆசையில கூடக்கொறைய சொல்றதுதான். மச்சான் அதுக்குக் கோபமே படல. நீ சொல்றதுல மூணைக் கழிச்சு வெச்சுக்குவாரு, அவ்ளோதான்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தேதான்."

பாவி மனுஷன்! பாறைத் திட்டில் கப்பல் மோதியபோது அவள் பதினாலு போட்டாள். பன்னிரண்டு போதும் என்று அண்ணனே சொல்லியிருந்தார். ஆனாலும், "பலிக்கல ஹானி" என்று சொல்லி அவளுடைய மாலுமிகள் எல்லோரையும் கடலில் மூழ்கடித்துவிட்டார். அண்ணன் மனசில் நமக்குத் தெரியாத கணக்கு ஏதோ இருக்கும் என்று அன்றைக்கு அவரை மெச்சிக்கொண்டாள். கணக்கு இருந்துதான் இருக்கிறது.

"எனக்கு ஒண்ணு விழுந்துச்சே," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "சொஹ்ராவுக்கு முன்னாடி ஒரு நாகுதா வெச்சிருந்தேன். ஒண்ணு விழுந்துச்சு, ஒண்ணுன்னுதான் சொன்னேன். அவ செத்துட்டா. அன்னிக்கு நான் சோறு தின்னல, உங்களுக்குத் தெரியும். பொய் சொல்றவ ஒண்ணுன்னு சொல்வாளா?"

காஜா மைதீன் குடத்தை அண்டாவில் முக்கினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாங்க நம்பணும்னுதான் நீ அதைச் சொன்னதா மச்சான் சொன்னாரு."

குடம் நிறைந்தது. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை நின்றுபோயிருந்தது. போன வெள்ளிக்கிழமைகூட, "நல்லா யோசிச்சு வை ஹானி, கோட்டைக்குள்ள போற வழி நீதான் கண்டுபிடிக்கணும்" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாரே. அதற்குள் கோட்டை விழுந்து ஆறிப்போயிருந்திருக்கிறது. எவ்வளவு பாசமாகச் சிரித்தார்! பொய் சொல்கிற குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கேட்டிருக்கலாமே, ஒரு தடவை, ஏண்டி உண்மையைத்தான் சொல்றியான்னு.

சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, கூடத்தில் கிடத்தினார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் முகம் பார்த்தார்கள். உம்மு ஹானியும் போனாள். மூக்கில் பஞ்சோடு அண்ணன் தூங்குகிற மாதிரிதான் கிடந்தார். அவளை எடுத்து வளர்த்த முகம், ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் அவளுக்கு வளையல் வாங்கி வந்த முகம். குனிந்து நெற்றியைத் தொடப் போனவள், தொடாமல் நிமிர்ந்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் தாங்க முடியாமல் ஒதுங்குகிறாள் என்று நினைத்துக் கூடுதலாக அழுதார்கள்.

பிறகு பெண்கள் எல்லோரும் திரைக்கு உள்ளே வந்துவிட, கூடத்தில் ஆண்கள் நிறைந்தார்கள். மய்யித்தைச் சந்தூக் பெட்டியில் வைத்துத் தூக்குவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பது அந்தக் குடும்பத்து வழக்கம். பொதுவில் ஒரு தரம் கேட்பார்கள். பிறகு நெருங்கிய சொந்தத்திடம் தனித்தனியாகக் கேட்பார்கள். அவர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தூக்குவார்கள்.

தகப்பனாரின் தம்பி, சாச்சா ஜலாலுதீன், திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எண்பதை நெருங்கும் கிழவர், காதும் மந்தம்.

"பரக்கத் பீவி, உன் புருஷன் உனக்கு ஏதாச்சும் கொறை வெச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சுடும்மா."

"மன்னிச்சேன் சாச்சா," என்று அண்ணி விம்மினாள்.

"உம்மு ஹானி, உன் கூடப் பொறந்தவன் உன் மனசு நோவ ஏதாச்சும் பண்ணியிருந்தா மன்னிச்சுடும்மா."

அவள் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைதான். ஊரே சொல்கிற வார்த்தை. மனசில் இல்லாவிட்டாலும் சொல்லித் தொலைக்கலாம், யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் இல்லாததைச் சொன்னதே இல்லை. இன்றைக்கும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்தால் வந்திருக்கும், மெய்யாகவே வந்திருக்கும். அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

"உம்மு ஹானி?" என்றார் சாச்சா மறுபடியும். அண்ணி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். கூடத்தில் யாரோ செருமினார்கள்.

"சொல்லிட்டா சாச்சா," என்றது காஜா மைதீனின் குரல். "மெதுவா சொன்னா, உங்களுக்குத்தான் கேக்கல. நேரமாவுது, தூக்குங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் சாச்சா.

கலிமா சத்தம் எழும்பியது. சந்தூக் தோள்களில் ஏறி வாசலைத் தாண்டியது. பெண்கள் ஓவென்று அலறினார்கள். உம்மு ஹானி அண்ணியின் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் திரையைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நான் சொல்லல," என்றாள் உரக்க.

கூடம் காலியாக இருந்தது. வாசற்படியில் துளசிங்கம் மட்டும் குனிந்து, செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தார். குரல் கேட்டு நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், காதில் விழாத மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு கிடைத்த ஒற்றைச் செருப்பைக் காலில் போடாமல் அப்படியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு இறங்கி, தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த சந்தூக்கின் பின்னால் ஓடினார்.