இரண்டு வெள்ளை முட்டிகள்

புஸ்பம் உலை வைத்துவிட்டு றோட்டுப் பக்கம் காதைக் கொடுத்தபடி இருந்தாள். பதுளை றோட்டில் லொறி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு வந்தது. பாலத்தடியில் சத்தம் குறைந்தது. பிறகு நின்றுபோனது.

"நாசமாப் போக" என்று அகப்பையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

அவளுடைய வளவு றோட்டிலிருந்து உள்ளே, ஒழுங்கைக்குள். கிணறும் நிழலும் நாலைந்து லொறி நிற்க இடமும் உண்டு. ஆனால் றோட்டில் போகிறவனுக்கு எதுவும் தெரியாது. பொழுது சாய்ந்தால் ஆமிக்காரர் லொறிகளை ஓட விடமாட்டார்கள். கண்ட இடத்தில் நிறுத்தினால் சாமான் போகும். சிலவேளை ஆளும் போகும். அதனால் லொறிக்காரர்களே ஒழுங்கை முகப்பில் கம்பு நட்டு, சுண்ணாம்பு பூசிய மண்முட்டி ஒன்றைக் கவிழ்த்துவிட்டார்கள். கரடியனாறு தாண்டினால் வெள்ளை முட்டி, அங்கே நிறுத்து. புதிதாக வருகிறவனுக்கு அவர்கள் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான்.

முட்டிக்கு முன்னால், பாலத்தடியில், கதிர்காமத்தம்பியின் வயல் வட்டை. வேளாண்மை கதிர் தள்ளத் தொடங்கியதும் கண்ணூறு படாமலிருக்க அவனும் ஒரு முட்டிக்குச் சுண்ணாம்பு பூசிக் கம்பில் கவிழ்த்தான். அதுவும் றோட்டோரம், ஆமிக் காவலரணுக்கு நேர் எதிரே. உள்ளே தள்ளி வைக்கச் சொல்லி அவள் நடையாய் நடந்தாள்.

"கண்ணூறு றோட்டாலதானே மச்சி வரும்? நடு வயலுக்குள்ள வைச்சிக் கொக்குக்கா காட்டுற?"

கறுப்புப் புள்ளி குத்தியிருக்கிறேன், வித்தியாசம் தெரியும் என்றும் சொன்னான். மங்கலில் விழுந்தடித்து வருகிற லொறிக்குப் புள்ளியா தெரியும் என்று இவள் கேட்டாள்.

பாலத்தடிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது லொறி றைவர் சிப்பாய்களுக்கு முன்னால் தலையில் கை வைத்து முழந்தாளில் நின்றான். ஓட்டமாவடி பக்கீர். கருவாடு ஏற்றிக்கொண்டு இந்தப் பாதையில் முதல் ஓட்டம். காவலரணுக்கு முன்னால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு முட்டியைக் காட்டியிருக்கிறான். அதோடு வினை பிடித்தது.

விடிந்ததும் முகாமில் விசாரணை, அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் மொழிபெயர்த்தான். ஒன்று கண்ணூறு முட்டி, மற்றது லொறிக்காரர்களுக்கு இடம் காட்டுவது, பாவம் இவன் மாறி நிறுத்திவிட்டான் என்று புஸ்பம் உள்ளதைச் சொன்னாள். அதிகாரி சிரித்தான். கண்ணூறுக்குக் கட்டுவது தங்கள் ஊரிலும் உண்டாம். வயல் முட்டி அப்படியே நிற்கட்டும் என்றான். மற்றது அடையாளம். அடையாளம் யாருக்கு வைத்தாலும் அடையாளம்தான். ஒழுங்கை முகப்பில் நின்ற மண்முட்டியைத் துவக்குப் பிடியால் உடைத்தார்கள். றோட்டில் நின்று கை காட்டலாமா என்று கேட்டாள். அதுவும் கூடாது.

மதியத்துக்கு முன் பக்கீரை விட்டார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. கிணற்றடியில் முகம் கழுவினான். தேத்தண்ணி உதட்டில் எரிந்தது, வைத்துவிட்டான்.

"வெள்ளை முட்டி எண்டுதானே தங்கச்சி சொன்னாங்க?"

"ஓம் காக்கா. வெள்ளைதான்."

அவன் பதுளைக்கு வெளிக்கிட்டான். திரும்பிப் போய் அவன் சொல்லும்மட்டும் ஒழுங்கை முட்டி உடைந்தது ஓட்டமாவடியில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

புஸ்பம் நேரே கதிர்காமத்தம்பியிடம் போனாள். அவன் வரம்பில் குந்தியிருந்தான். இப்போது முட்டியை எடுக்க அவனுக்கும் மனம்தான். ஆனால் காவலரண் சிப்பாய்களுக்கு அது நிற்கும் இடத்தைக் காட்டி வைத்திருக்கிறார்கள். இடம் மாறினால் அதையும் அடையாளமாகத்தான் எடுப்பார்களாம்.

"தொடவே ஏலாது மச்சி. வெட்டி முடிஞ்சாலும் நிக்கோணுமாம்."

"நல்லதாப் போச்சு. உன்ட வேளாண்மைக்கு இனி ஆமிதான் காவல்."



பொழுது சாயும் நேரம் அவள் ஒழுங்கை முகப்பில் உடைந்த முட்டியின் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செங்கலடிப் பக்கமிருந்து லொறி ஒன்று வந்தது. கத்தினாலும் கேட்காத தூரம். பாலத்தடியில் வேகம் குறைந்தது. இடப்பக்கம் சிக்னல் மினுங்கியது. முட்டியில் உரசிவிடாமல், மிகக் கவனமாக, லொறி ஓரங்கட்டி நின்றது.