நூற்றுக்கு நாற்பத்து மூன்று

வக்கீல் அண்ணன் சிவப்புப் பேனாவை எடுத்தாலே தங்கைக்குப் பயம் வந்துவிடும். ஆறு மாதிரித் தேர்வு எழுதியாகிவிட்டது. ஒன்றில்கூட நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அவள் படிக்க உட்கார்ந்த அன்றே "ஜட்ஜம்மா" என்று பட்டம் சூட்டிவிட்டான் அண்ணன். வீட்டின் முன்னறைதான் அவனுக்கு ஆபீஸ். மனு, பதில் மனு, நோட்டீஸ் என்று ஒன்பது வருஷமாக அத்தனையும் டைப் அடித்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் கல்லூரிக்குப் போய்விட்டால் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் யார் உட்காருவது? இதை வாய்விட்டுச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால் பெருந்தன்மையாக ஒரு நிபந்தனை போட்டான்.

"அறுபது எடுத்துக் காட்டு. அன்னைக்கே பீரோவைத் திறந்து உன் சர்டிபிகேட்டைத் தரேன். அதுவரைக்கும் அப்ளிகேஷன் பேச்சையே எடுக்காதே."

மாதிரித் தேர்வுப் புத்தகத்தின் கடைசியில் இருந்த விடைப் பக்கங்களை, "நீ எட்டிப் பார்ப்பே" என்று கிழித்துத் தன் டிராயரில் போட்டுக்கொண்டான். திருத்துவதும் அவனே. தப்பான விடைக்குக் கால் மார்க் குறைக்க வேண்டும் என்பது விதி. அதை மட்டும் அவன் மறந்ததே இல்லை. மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்தவள், தனக்குத்தான் மூளை மட்டு போலிருக்கிறது என்று நம்பவே தொடங்கிவிட்டாள். அண்ணன் செய்த பாவத்தில் அதுதான் பெரியது.

வியாழக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது, கடைக்காரர் அதே புத்தகத்தை வேறொரு பெண்ணுக்காகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். விடைப் பக்கங்களில் தனக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கிவந்து, பழைய தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தாள். ஆறாவது தேர்வில் எண்பத்தொரு விடை சரி. அண்ணன் போட்டிருந்தது முப்பத்தெட்டு. சரியான விடைமேலெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி. அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

ஏழாவது தேர்வை அவள் எழுதவே இல்லை. விடைப் பக்கத்தில் இருந்த நூறு விடைகளையும் அப்படியே தாளில் இறக்கி, வெள்ளிக்கிழமை அண்ணன் மேஜையில் வைத்தாள். விண்ணப்பிக்கச் சனிக்கிழமைதான் கடைசி நாள்.

சனிக்கிழமை காலை அண்ணனுக்கு எதிரே ஹார்டுவேர் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். கூட்டாளி அவர்மேல் போட்ட வழக்கு. போன வாரம் அவர் நாடாவால் இறுக்கிக் கட்டிக் கொடுத்த கேஸ் கட்டு மேஜைமேல் கிடந்தது. ஆள் இருக்கும்போது தங்கையை மட்டம் தட்டுவதில் அண்ணனுக்குத் தனி ருசி.

"வாங்க ஜட்ஜம்மா! நாற்பத்து மூணு! சார், இவங்கதான் நாளைக்கு வக்கீலாகப் போறாங்க. தப்பிச்சு ஓடிடுங்க."

"நல்லா பார்த்துத்தானே திருத்தினீங்க அண்ணா?"

"ஒவ்வொரு விடையா உட்கார்ந்து பார்த்தேன். உன் மண்டையில ஏறலைன்னா நான் என்ன பண்றது?"

மடித்து வைத்திருந்த ஜெராக்ஸைத் தாளுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"இது புத்தகம் போட்டவங்க கொடுத்த விடை. ஒண்ணு விடாம இதைத்தான் எழுதி வெச்சேன். பாவம், அவங்களே ஃபெயில்."

அண்ணன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தான். "அதுல அச்சுப் பிழை..." என்று ஆரம்பித்தவன், சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

கடைக்காரர் மெல்ல முன்னால் சாய்ந்தார். "வக்கீல் சார், என் கேஸ் கட்டையாவது பிரிச்சுப் பார்த்தீங்களா?"

நாடாவில் அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பதிலுக்குக் காத்திராமல் கட்டைத் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பீரோ சாவி" என்று கையை நீட்டினாள் தங்கை. அண்ணன் எடுத்துக் கொடுத்தான்.

"திங்கக்கிழமை ஒரு பதில் மனு தாக்கல் பண்ணணும். யாரு டைப் அடிக்கிறது?" அவன் குரலில் இப்போது கெஞ்சல் இருந்தது.

"நீங்கதான். பயப்படாம அடிங்க. தப்புக்குக் கால் மார்க் நான் குறைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் முன்னறைவரை கேட்டது.