மேட்டுக்கு ஆகாத கால்கள்

செம்பனைத் தோட்டத்துக் களைமருந்து ஸ்டோர் வாசலில் அன்று விடியலில் இருந்தவர்கள் ஐந்து பேர். கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் இராஜம்மா. சிமெண்டுப் படியில் புஷ்பாவும் உஷாராணியும், நடுவே நீல மருந்து கலக்கும் தொட்டி. சற்றுத் தள்ளி மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, அவர்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர் நாகமணி. குமுதா மட்டும் உட்காரவில்லை. நேற்று முதுகில் சுமந்த பம்பு ஒழுகி இறங்கிய களைக்கொல்லி இடுப்பு மடிப்பில் தோலை உரித்திருந்தது.

வெளிச்சம் வருமுன்பே பெரட்டில் பேர் கூப்பிட்டதும் செம்பனை வரிசைக்குள் இறங்கி மருந்தடிப்பது அந்த நான்கு பெண்களின் பிழைப்பு. மதியத்துக்கு மேல் அவர்களுக்கு வேறொரு வேலை இருந்தது. குடியிருக்கும் லயத்துக் குழாயில் தலை முழுகி, துணி மாற்றி, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு பின்னாலுள்ள மேட்டில் ஏறுவார்கள். குளிக்காமல் ஒருத்தியும் ஏறியதில்லை. செம்பனைக்கு ஆகாதென்று கம்பெனி கைவிட்ட செங்குத்துச் சரிவு அது. கல்லடுக்கி மண்ணைப் பிடித்தார்கள். எண்ணெய் மில் பழம் உதிர்த்து எறிந்த வெறுங்குலைகளைச் சுமந்து வந்து செடிகளைச் சுற்றிப் பரப்பினார்கள். கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் மீன்தலை வாங்கி, வெல்லத்தில் ஊறவைத்து ஊற்றினார்கள். கத்தரியும் பயற்றங்காயும் காய்த்துத் தொங்கின. குமுதாவின் பிள்ளைகள் தட்டில் விழும் காய் அவ்வளவும் அந்த மேட்டுக் காய்தான்.

முதல் காய்ப்பைப் பங்களாவுக்குக் கொடுத்தனுப்புவது தோட்டத்தின் பழைய வழக்கம். பொங்கலுக்கு ஒரு கூடை போனது. தப்பு அங்கேதான் நடந்தது. மேனேஜர் சுகுமாரன் தின்று பார்த்தார். இடத்தைக் காட்டச் சொன்னார். குமுதாவே பெருமையோடு கூட்டிப்போய்க் காட்டினாள்.

அந்த விடியலில் அவர் ஸ்டோர் வாசலில் பிக்கப்பை விட்டு இறங்கிய வேகத்திலேயே சொன்னார்: "மாசக் கடைசியோட மேட்டை விட்டுடுங்க. கம்பெனி அங்க ஆர்கானிக் ஃபார்ம் போடுது. கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வர்ற டூரிஸ்ட்டெல்லாம் காலையில இங்க வருவாங்க."

"ஃபார்ம்தான் ஏற்கெனவே இருக்கே சார்," என்றாள் குமுதா. "நாங்களே பார்த்துக்கிறோம்."

"அது முடியாதும்மா. நீங்க மருந்தடிக்கிறவங்க. உங்க துணியில, கால்ல எல்லாம் மருந்து இருக்கும். செக் பண்ண வர்றவன் பார்த்தா சர்டிபிகேட் கிடைக்காது."

புஷ்பாவின் கையில் கலக்குகிற குச்சி நின்றது.

"அது யாரு மருந்து சார்?" என்றாள் குமுதா.

"என்ன?"

"என் முதுகுல இருக்கிறது. அதைச் சுமந்தாதான் பெரட்டுல பேர் போடுறீங்க. சுமந்துட்டா மேட்டுக்கு ஆகாதவளா?"

"ரூல்ஸ் நான் போடல லா. வேலை வேணும்னா பம்பைத் தூக்குங்க. இல்லேன்னா பங்களாதேஷ் ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"அவனுக்கும் முதுகு இருக்கு சார்," என்றாள் இராஜம்மா.

பிக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நாகமணி தொண்டையைச் செருமினார். "தூக்கிடுங்கம்மா. உங்களோட சேர்த்து என் வேலையும் போயிடும்."

"மேட்டுக் கத்தரிக்காய் உன் வீட்டுக் குழம்புல கிடக்கலையா நாகமணி?" என்றாள் இராஜம்மா.

"கிடக்கலைன்னா சொன்னேன்?" அவர் போய், பம்புகள் இருந்த ஸ்டோர் கதவை இழுத்துப் பூட்டினார். "கேட்டா சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுறேன்."

"பொய் எதுக்குண்ணே?" என்றாள் குமுதா. "தூக்க மாட்டோம்னே சொல்லுவோம். எழுதியும் கொடுப்போம்."

ஐந்தாம் பாரம் வரை படித்த உஷாராணி மலாய் மொழியில் மனு எழுதினாள். குமுதா நின்றபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். மேட்டை ஆக்கியவர்கள் மேட்டிலேயே இருக்கவேண்டும். ஒழுகும் பம்பு இனி எந்த முதுகிலும் ஏறக்கூடாது. சேதி பரவி, குலை வெட்டும் ஆண்கள் கத்தியைச் சாத்திவிட்டு வந்தார்கள். வங்காளதேசத்து இளைஞர் இருவர் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, தங்கள் எழுத்தில் கையெழுத்திட்டார்கள். நாகமணி கடைசியாகப் பேனாவை வாங்கினார்.

"மண்டோர்னு போடவா, பேரு மட்டும் போடவா?"

"ரெண்டையும் போடு," என்றாள் இராஜம்மா. "அப்புறம் மாத்திப் பேசமாட்ட."

நாளைப் பெரட்டில் யார் பேர் கூப்பிடுவார்கள், யார் பேர் விடுபடும் என்று ஒருவருக்கும் தெரியாது. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் நால்வரும் ஒன்றாகவே ஏறினார்கள். தபாலாபீஸ் வாசலில் குமுதா உறையின் ஓரத்தை நாக்கில் வைத்தாள். கை மருந்து தொடாத நாள். பசை வெறும் பசையாகவே ருசித்தது. மடித்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, தொழிலாளர் இலாகா என்ற விலாசம் மேலே தெரியும்படி பெட்டிக்குள் விட்டாள்.